அவசரப் பிரிவில் மணிக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தால்

ஜி.எச். அவசரப் பிரிவில் வந்த வரிசைப்படி பார்க்க மாட்டார்கள். உள்ளே நுழைந்ததுமே நாடி, ரத்த அழுத்தம், மூச்சு, ஆக்சிஜன் அளவு, நினைவு ஆகியவற்றைப் பார்த்து சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பார்கள். சிவப்புக்கு உடனே சிகிச்சை, அடுத்தது மஞ்சள், பச்சை காத்திருக்கலாம். கை முறிந்து கத்துகிறவர் மஞ்சளாக இருப்பார்; சத்தமே இல்லாமல் வியர்த்துக்கொட்டி உட்கார்ந்திருக்கும் பெரியவர் சிவப்பாக இருப்பார். பின்னால் வந்தவரை முன்னால் கூட்டிப்போனால் பெரும்பாலும் காரணம் இதுதான். சண்டைக்குப் போகாதீர்கள்.

ஆனால் இந்த நிறம் மாறக்கூடியது. மாறுவதை முதலில் பார்க்கப்போவது பக்கத்தில் இருக்கும் நீங்கள்தான். மூச்சு வாங்குவது, நெஞ்சுவலி, திடீர்க் குழப்பம், எழுப்ப முடியாத தூக்கம், ஒரு பக்கம் கைகால் விளங்காமல் போவது, வலிப்பு, கட்டுப்போட்ட பிறகும் கசியும் ரத்தம், தலையில் அடிபட்டவருக்குத் திரும்பத் திரும்ப வாந்தி: இதில் எது வந்தாலும் வரிசை பார்க்காமல் நர்ஸிடம் போங்கள். “இன்னும் எவ்வளவு நேரம்?” என்று கேட்காதீர்கள். “வந்தப்போ பேசிக்கிட்டிருந்தார் சிஸ்டர், பத்து நிமிஷமா பதில் சொல்லல” என்று மாற்றத்தைச் சொல்லுங்கள். ஓடி வருவார்கள்.

காத்திருக்கும் நேரத்தில் ஒரு தாள் எழுதி வையுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது, என்னென்ன நோய் இருக்கிறது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, கடைசியாகச் சாப்பிட்டது எப்போது. டியூட்டி மாறும்போது வேறு டாக்டர் வந்து முதலிலிருந்து கேட்பார். அப்போது இந்தத் தாள் கைகொடுக்கும். “பிபி மாத்திரை, சுகர் மாத்திரை” என்று சொன்னால் போதாது. அட்டையையே கொண்டுவாருங்கள், அல்லது பெயரும் மில்லிகிராமும் தெரியும்படி வீட்டிலிருந்து போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகளை முதல் வரியில் எழுதுங்கள். தலையில் அடிபட்டவருக்கு இது உயிர் சம்பந்தப்பட்ட தகவல்.

டாக்டர் சொல்லும்வரை டீ, பன், இட்லி எதுவும் வேண்டாம். ஆபரேஷன் தேவைப்பட்டால், மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடலாம். பாசத்தில் ஊட்டிய இட்லி, அவசரமில்லாத ஆபரேஷனை ஆறு மணி நேரம் தள்ளிப்போட வைக்கும். சர்க்கரை நோயாளி இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வந்திருந்தால் அதை உடனே சொல்லுங்கள். கை நடுங்கி, வியர்த்து, உளற ஆரம்பித்தால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். கை அடிபட்டிருந்தால் வீக்கம் ஏறும் முன் மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

சில காத்திருப்பே பரிசோதனைதான். நெஞ்சுவலிக்கு ஈ.சி.ஜி. நார்மல் என்றாலும் விடமாட்டார்கள். மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் ஏறுவதற்குச் சில மணி நேரம் ஆகும் என்பதால் திரும்பவும் ரத்தம் எடுப்பார்கள். பாம்புக்கடிக்கு 2 மில்லி ரத்தத்தைச் சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது. முதல் தடவை உறைந்துவிட்டாலும் 24 மணி நேரம் கண்காணிப்பில் வைப்பார்கள். “நல்லாத்தானே இருக்கார்” என்று கூட்டிப்போய்விடாதீர்கள். விஷம் தாமதமாக வேலை காட்டுவது உண்டு.

எனவே கேட்க வேண்டிய கேள்வி: “இப்ப எதுக்காகக் காத்திருக்கோம் சிஸ்டர்?” ரத்தப் பரிசோதனை என்றால் சாம்பிள் லேபுக்குப் போய்விட்டதா என்றும் கேளுங்கள். கொண்டுபோக ஆளில்லாமல் குழாய் மேஜையிலேயே கிடப்பதும் நடக்கிறது.

ட்ரிப்ஸ் ஓடும்போது, வேகத்தைக் கூட்டிக் குறைக்கக் குழாயில் இருக்கும் உருளையைத் திருகாதீர்கள். ஊசி குத்திய இடம் வீங்கினாலோ எரிந்தாலோ, பாட்டில் தீரப்போனாலோ சொல்லுங்கள். பாத்ரூம் போகும்போது பாட்டிலைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடியுங்கள். கீழே இறக்கினால் ரத்தம் குழாயில் ஏறும்.

கூட இரண்டு பேர் போதும். ஒருவர் நோயாளியை விட்டு நகரக்கூடாது. இன்னொருவர் சீட்டு, ஸ்கேன், மருந்துக்கு ஓடட்டும். சார்ஜர், போர்வை, தண்ணீர், சில்லறை, பழைய ரிப்போர்ட்டுகள், ஆதார், காப்பீட்டு அட்டை எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும்.

சாலை விபத்து என்றால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவைக் குறிப்பிட்ட வரம்புவரை ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 முதல் தமிழ்நாட்டில் இருக்கிறது. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளுக்கும் அது பொருந்தும். விபத்து, அடிதடி, விஷம் ஆகியவற்றை விபத்துப் பதிவேட்டில் ஏற்றுவார்கள். நடந்ததை நடந்தபடி சொல்லி, பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்; காப்பீட்டுக்கும் வழக்குக்கும் பின்னால் அதைத்தான் கேட்பார்கள். வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் பரிந்துரைக் கடிதம், ஸ்கேன் பிலிம், கொடுத்த மருந்துகளின் விவரம் மூன்றையும் கையில் வாங்கிய பிறகே ஆம்புலன்ஸில் ஏறுங்கள்.