ஈர்க்கும் புளியங்கொட்டையும்: ஆரம்ப வகுப்புக் கணிதத்துக்குப் பொருள் சேர்க்கையில் நாம் விடும் தவறுகள்

புதிய வகுப்புத் தொடங்கும் வாரத்தில் திருகோணமலைப் பட்டினத்துப் புத்தகக் கடைகளில் ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களின் கூட்டம்தான். பிரிஸ்டல் மட்டை, நிறத்தாள், மார்க்கர், பசை என்று கைக்காசு கரையும். பிறகு நாலைந்து இரவு கண்விழித்து வெட்டி ஒட்டி, வகுப்புச் சுவர் நான்கையும் நிரப்பிவிடுவோம். நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். வகுப்பைப் பார்க்க வருகிறவர்கள் பாராட்டவும் செய்தார்கள். ஆனால் தரம் 2 பிள்ளை 42இலிருந்து 17ஐக் கழிக்கத் திணறும்போது அந்தச் சுவரால் ஒரு உதவியும் இல்லை. அந்தப் பிள்ளைக்கு வேண்டியது தொட்டுப் பிரித்துப் பார்க்க ஏதாவது ஒன்று, அதுவும் தன் கையில்.

எனக்குத் தெரிந்த பெரிய தவறு இதுதான்: ஆசிரியர் கையில் ஒன்று, முப்பது பிள்ளைகளுக்கும் அதுவே. ஒரு நல்ல எண்சட்டத்தை மேசையில் வைத்து எல்லோரும் எட்டிப் பார்ப்பதைவிட, இரண்டு பேருக்கு ஒரு பிடி ஈர்க்கு எவ்வளவோ மேல்.

அந்த ஈர்க்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 99 வரையான கூட்டலும் கழித்தலும் செய்ய ஒரு சோடிப் பிள்ளைகளுக்கு 99 குச்சிகளும் பத்து இறப்பர் பட்டிகளும் போதும். முப்பது பேர் வகுப்பென்றால் ஏறத்தாழ 1500 குச்சி. கேட்கும்போது மலைப்பாக இருக்கும், ஆனால் சந்தையில் விற்கும் ஈர்க்கு விளக்குமாறு சிலவற்றை விரல் நீளத்துக்கு வெட்டினால் சேர்ந்துவிடும். நுனிப்பக்கத்தை எறிந்துவிடுங்கள். அது கண்ணைக் குத்தும், கட்டினாலும் நில்லாமல் வழுவும். நடுத் தண்டுதான் நல்லது. ஐஸ்பழக் குச்சி கிடைத்தால் இன்னும் வசதி, ஆனால் 1500 ஐஸ்பழக் குச்சிக்குக் காசு வேண்டும்.

இங்கேதான் அடுத்த தவறு நடக்கிறது. பிள்ளைகள் குழப்பிவிடுவார்கள் என்று பயந்து, பத்துப் பத்தாக நாமே கட்டி, டேப் சுற்றி, சிலர் மட்டையிலும் ஒட்டி வைத்துவிடுகிறோம். அந்தக் கட்டு அதன் பிறகு அவிழாது. 42 – 17 செய்யும் பிள்ளை முன்னால் நான்கு கட்டும் இரண்டு தனிக்குச்சியும் கிடக்கும். இரண்டிலிருந்து ஏழை எடுக்க முடியாது. அந்த இடத்தில் ஒரு கட்டை அவிழ்த்துப் பத்துத் தனிக்குச்சி ஆக்க வேண்டும், அதுதான் பாடமே. ஒரு முறை ஒரு சிறுமி கட்டைக் கையில் பிடித்தபடி வெகுநேரம் இருந்தாள். பிறகு, “ரீச்சர், இதைப் பிரிக்கட்டா?” என்று கேட்டாள். பட்டியைக் கழற்றினாள். இரண்டோடு பத்தைச் சேர்த்துப் பன்னிரண்டு எண்ணினாள், ஏழை ஒதுக்கினாள், மிச்சம் ஐந்து. மீதியிருந்த மூன்று கட்டில் ஒன்றைத் தள்ளிவைத்தாள். இருபத்தைந்து. “பக்கத்து வீட்டில் கடன் வாங்கு” என்று நான் கரும்பலகையில் எத்தனையோ நாள் சொல்லிக் கொடுத்தது அவளுக்கு அந்த ஒரு பட்டியைக் கழற்றியபோதுதான் விளங்கியது. தயவுசெய்து கட்டுகளை ஒட்டிவிடாதீர்கள். கட்டுவதையும் அவிழ்ப்பதையும் பிள்ளைகளிடமே விடுங்கள்.

இதே காரணத்தால், இடப்பெறுமானத்தை, அதாவது ஓர் இலக்கம் நிற்கும் இடத்தைப் பொறுத்து அது ஒன்றா பத்தா என்பதை, காசை வைத்துத் தொடங்குவதும் சரிவராது. பத்து ரூபாக் குற்றிக்குள் பத்து ஒரு ரூபாக் குற்றிகள் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. ஒன்றுக்குப் பத்து என்று ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். எண்சட்டத்து மணியும் அப்படியே: பத்தைக் காட்டும் மணியும் ஒன்றைக் காட்டும் மணியும் ஒரே அளவு. குச்சிக்கட்டு கைக்குப் பழகிய பிறகு எண்சட்டம், அதன் பிறகு காசு என்று போனால் பிள்ளைகள் தடுமாறுவதில்லை. காசுப் பாடத்துக்கென்று நாணயத்தாளை வர்ணப் போட்டோக்கொப்பி எடுத்து வெட்டுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். அனுமதியில்லாமல் நாணயத்தாளைப் பிரதி எடுப்பது சட்டப்படி குற்றம். வெறும் தாளில் 20, 50, 100 என்று பிள்ளைகளே எழுதி நிறந்தீட்டிய ‘கடைக்காசு’ போதும், அவர்களுக்கு அதில்தான் சந்தோசமும்.

எண்ணுவதற்கான சிறுபொருட்களில் ஆபத்தான தவறு ஒன்று உண்டு. வீட்டிலிருந்து விதை கொண்டுவரச் சொன்னால் யாராவது ஒரு பிள்ளை குன்றிமணியோடு வந்து நிற்கும். செக்கச் சிவந்து, ஒரு பக்கம் கறுப்புப் பொட்டோடு அழகாக இருப்பதால் ஆசிரியர்களும் வாங்கி வைத்துவிடுகிறார்கள். அதற்குள் கொடிய நஞ்சு இருக்கிறது. முழு விதையின் ஓடு கெட்டி. ஆனால் கடித்தாலோ உடைத்தாலோ கோப்பதற்குத் துளையிட்டாலோ நஞ்சு வெளியே வரும், ஒரு விதை மென்றாலே பிள்ளையின் உயிருக்கு ஆபத்து. பலர் இதை மஞ்சாடி என்று நினைத்து எடுக்கிறார்கள். மஞ்சாடி மரத்து விதை, முழுச் சிவப்பு, பொட்டு இருக்காது, கொஞ்சம் பெரிது. குன்றிமணி வேலியில் படரும் கொடியில் காய்ப்பது. தட்டார் பொன் நிறுத்த காலத்தில் இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி என்று கணக்கு. அந்தக் கணக்கைப் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லுங்கள், விதையை வகுப்புக்குள் விடாதீர்கள். ஆமணக்கு விதையும் நஞ்சுதான். தரம் 1 பிள்ளைகள் மூக்கிலும் காதிலும் விட்டுவிடக்கூடிய சின்ன மணிகளும் வேண்டாம்.

நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்துப் பிள்ளைகள் சிப்பி கொண்டுவருவார்கள். கூட்டம் பிரிக்க, வரிசைப்படுத்த அது அருமையான பொருள். எண்ணிக்கையை ஒப்பிட மட்டும் எடுக்காதீர்கள். ஐந்து பெரிய சிப்பியையும் ஏழு சின்னச் சிப்பியையும் வைத்து எது கூட என்று கேட்டால், சின்னப் பிள்ளை பரந்து கிடக்கும் ஐந்தைக் காட்டும். அது பிள்ளையின் பிழையல்ல, நாம் எடுத்த பொருளின் பிழை. சுற்றுலா போகும்போது புறாமலைத் தீவிலிருந்து முருகைக்கல்லோ சிப்பியோ பொறுக்கி வரவும் கூடாது. அது 2003இலிருந்து தேசியப் பூங்கா, அங்கிருந்து எதையும் எடுக்க அனுமதியில்லை.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது புளியங்கொட்டை. தாயம் விளையாடுவதற்குச் செய்வதுபோல ஒரு பக்கத்தைச் சீமெந்துத் தரையில் வெள்ளை தெரியும்வரை தேய்த்துக்கொள்ளுங்கள். பத்துக் கொட்டையைக் குலுக்கிப் போட்டால் ஆறு கறுப்பு, நாலு வெள்ளை. மறுபடி போட்டால் ஏழும் மூன்றும். பத்து எத்தனை விதமாகப் பிரியும் என்பதைப் பிள்ளைகள் பாடமாக்காமலே கண்டுபிடித்துக்கொள்வார்கள். வெயிலில் நன்றாகக் காயவைக்காவிட்டால் வண்டு துளைத்துவிடும், அவ்வளவுதான்.

வடிவங்களுக்கு வெட்டும் மட்டைகளைப் பாருங்கள். எல்லா முக்கோணியும் மூன்று பக்கமும் சமமாக, அடி கீழே, நுனி மேலே. அப்படியே பழகிய பிள்ளை, நீட்டிச் சரித்து வைத்த முக்கோணியை “இது முக்கோணி இல்லை” என்கிறது. ஒடுங்கியது, சரிந்தது, தலைகீழானது எல்லாம் கலந்து வெட்டுங்கள். தீப்பெட்டியைத் தூக்கிக் காட்டி “செவ்வகம்” என்பதும் நாம் அடிக்கடி விடும் தவறு. தீப்பெட்டி கனவுரு, அதாவது பெட்டி வடிவத் திண்மம், அதன் ஒரு முகம்தான் செவ்வகம். முகத்தைத் தாளில் வைத்து பென்சிலால் சுற்றி வரையவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

இப்போது கைத்தொலைபேசியில் இறக்குகிற பயிற்சித் தாள்களுக்கு வருவோம். பெரும்பாலானவை தமிழ்நாட்டில் செய்தவை, உழைப்பும் நல்ல உழைப்புத்தான். ஆனால் நம் பிள்ளை பாடப்புத்தகத்தில் ‘முக்கோணி’ படிக்க, தாளில் ‘முக்கோணம்’ வரும். ‘இடப்பெறுமானம்’ அங்கே ‘இடமதிப்பு’. நம் ‘சதுரமுகி’ அங்கே ‘கனசதுரம்’. ரூபாவும் சதமும் ரூபாய், பைசாவாகிவிடும். தரம் 1, 2 பிள்ளைக்கு ஒரு பொருளுக்கு இரண்டு பெயர் என்பது பெரிய சுமை. சொல்லை வெள்ளைத் தாள் வைத்து மறைத்து, நம் சொல்லை எழுதிவிட்டுக் கொப்பி எடுங்கள். தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டியைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, அந்த வாரத் தேர்ச்சிக்கு எது வேண்டும் என்று பார்த்துத் தேடினால் பாதித் தாளை இறக்கவே தேவையிருக்காது.

தாளில் வரும் அடிமட்டத்திலும் ஒரு பொறி இருக்கிறது. கொமினிகேசனில், அதாவது அச்சும் போட்டோக்கொப்பியும் எடுக்கும் கடையில், அச்சிடும்போது கணினி பக்கத்துக்குப் பொருந்தச் சுருக்கிவிடும், 10 சென்ரிமீற்றர் 10ஆக இருக்காது. 100 வீதத்தில் அச்சிடச் சொல்லுங்கள். வாங்கியதும் உண்மையான அடிமட்டத்தை மேலே வைத்துப் பாருங்கள். இதைப் பார்க்காமல் ஒரு முறை வகுப்பு முழுவதற்கும் கொடுத்துவிட்டு, பிள்ளைகள் சரியாக அளந்த விடைகளுக்கு நான் பிழை போட்டேன். அந்தக் கொப்பிகளைத் திரும்ப வாங்கித் திருத்திய நாள் இன்னும் மனதில் உறுத்துகிறது. கடையில் வாங்கும் பிளாஸ்ரிக் அடிமட்டத்திலும் பூச்சியம் விளிம்பில் தொடங்காது, கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும். எங்கிருந்து அளப்பது என்பதை முதலில் விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

கொள்ளளவுக்கு வெட்டிய தண்ணீர்ப் போத்தல் நல்லது. ஆனால் ‘1 லீற்றர்’ என்று போட்டிருக்கும் போத்தலை வாய்வரை நிரப்பினால் ஒரு லீற்றருக்குக் கூட வரும். புதுப் போத்தலைத் திறக்குமுன் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் கோடு போட்டுவிடுங்கள்.

மட்டைக் கடிகாரத்தைப் பற்றியும் சொல்லியே ஆகவேண்டும். பெரிய முள்ளும் சின்ன முள்ளும் தனித்தனியே சுழலும்படி ஆணி குத்தி வைக்கிறோம். மூன்றரை காட்டச் சொன்னால் பிள்ளை சின்ன முள்ளை நேரே 3இல் வைத்து, பெரிய முள்ளை 6இல் வைக்கும். நாமும் சரி போடுவோம். மூன்றரைக்குச் சின்ன முள் 3க்கும் 4க்கும் நட்டநடுவில் நிற்க வேண்டும். வீட்டில் ஓடாமல் கிடக்கும் பழைய சுவர்க் கடிகாரம் ஒன்றைக் கொண்டுபோய் பின்னாலுள்ள திருகியைத் திருப்பவிடுங்கள். பெரிய முள் ஒரு சுற்றுப் போக, சின்ன முள் மெல்ல மெல்ல அடுத்த எண்ணுக்கு நகர்வதைப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். மட்டைக் கடிகாரத்தால் இதைக் காட்டவே முடியாது.

கடைசியாக, பாதுகாப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் ஊர்க் கட்டடங்களில் மட்டை ஊறிப்போகும், மிச்சத்தைக் கறையான் தின்னும். கடற்காற்றுக்குச் சோடா மூடியும் தகரக் கிளிப்பும் ஒரு தவணைக்குள் துருப்பிடித்துவிடும், துருவேறிய மூடி விரலை வெட்டும். மூடியுள்ள பிளாஸ்ரிக் டப்பாக்களில் போட்டு, தரையில் வைக்காமல் மேசைமேல் வையுங்கள். ஒவ்வொரு டப்பாவின் மூடியிலும் உள்ளே எத்தனை என்று எழுதிவிடுங்கள். பாடம் முடிந்ததும் எண்ணி வைக்கும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுங்கள். ஒன்பது கட்டு, ஒன்பது தனிக்குச்சி என்றால் மூடி போடலாம். எட்டுத் தனிக்குச்சி என்றால் எல்லோரும் மேசைக்குக் கீழே குனிய வேண்டியதுதான்.