முதியவரின் குடல் புற்றுநோய்க்குத் துளைவழியா, திறந்த முறையா?
ஏற்காட்டிலிருந்து எழுபது வயதைக் கடந்த பெற்றோரைச் சேலத்து மருத்துவமனைக்கு அழைத்து வருபவர்கள், வயதை மட்டும் பார்த்து, வயிற்றில் சிறு துளைகளிட்டுக் கேமராவும் கருவிகளும் செலுத்திச் செய்யும் துளைவழி (லேப்பராஸ்கோபி) அறுவை சிகிச்சையை ஒதுக்கிவிடக் கூடாது. அம்முறையில் வயிற்றைக் கரியமில வாயுவால் உப்பச் செய்து, உடலைச் சாய்த்து வைப்பதால், தளர்ந்த இதயமும் நுரையீரலும் அதைத் தாங்குமா என்பதை மயக்க மருத்துவரிடம் முதலில் கேளுங்கள். தாங்குமெனில், வயிற்றை நீளமாகக் கீறிச் செய்யும் திறந்த முறையைவிட வலி குறையும், குடல் விரைவில் இயங்கத் தொடங்கும், நோயாளி சீக்கிரம் எழுந்து நடப்பார். முதியவருக்கு இந்த நடையே பெரும் வரம் என்பேன். நோய் திரும்பிவிடுமோ என்ற அச்சமும் வேண்டாம்: 2004இல் வெளியான, 872 பெருங்குடல் புற்றுநோயாளிகளைக் கொண்ட ஆய்வில், அந்த வாய்ப்பு இரு முறைகளிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.

குடல் அடைத்து அவசரமாக வந்தவருக்கும், கட்டி பெரிதாகி அண்டை உறுப்புகளில் ஒட்டியவருக்கும் பெரும்பாலும் திறந்த முறையே ஏற்றது. துளைவழியில் தொடங்கி நடுவே வயிற்றைத் திறக்க நேர்வது தோல்வியன்று. பாதுகாப்புக்கான அம்முடிவையும் முன்னதாகவே பேசி, அதற்கும் சேர்த்தே ஒப்புதல் அளியுங்கள். இத்தகைய அறுவைகளில் அறுவை மருத்துவருக்கு எவ்வளவு அனுபவம் உண்டு என்பதை அவரிடமே தயங்காமல் கேளுங்கள். மருத்துவமனையிலிருந்து வெளியே வந்ததும் ஏற்காட்டு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்குவது கடினமாகையால், முதல் மறுபரிசோதனை வரை சேலத்தில் உறவினர் வீட்டில் தங்கவைப்பது நல்லது.