நீலகிரி நெட்டைக்காலி ஒரு புல்வெளியில் கூடு வைக்கிறதா என்று கண்டறியும் முறை

நீலகிரி, ஆனைமலை, பழனி ஆகிய மலைகளின் உயரமான புல்வெளிகளை நம்பி வாழும் நீலகிரி நெட்டைக்காலி என்ற சிறு பறவை அழிய வாய்ப்புள்ள இனமாகக் கருதப்படுகிறது. தேயிலையும் சீகை (வாட்டில்), கற்பூரம் (யூகலிப்டஸ்), பைன் போன்ற அயல் மரங்களும் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. பழனி மலையில் மட்டும் நான்கு பத்தாண்டுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி மறைந்துவிட்டது. எஞ்சிய திட்டுகளில் இப்பறவை குஞ்சு பொரிக்கிறதா என்பதை, பறவையைப் பார்த்தோம் என்ற பதிவு மட்டும் சொல்லிவிடாது.

இனப்பெருக்கக் காலம் ஏப்ரல் முதல் ஜூலை வரை. தென்மேற்குப் பருவமழையும் மூடுபனியும் வருமுன், மே மாதக் காலை வேளைகளில் செல்வது நல்லது. முக்கூர்த்தி போன்ற காப்பிடங்களுக்கு வனத்துறையின் அனுமதி கட்டாயம். வயல் நெட்டைக்காலியோடு குழப்பிக்கொள்ளாதிருக்க விலாவைக் கவனியுங்கள்: நீலகிரி நெட்டைக்காலிக்கு மார்பிலுள்ள கருங்கோடுகள் விலாவிலும் தொடரும்.

தகுந்த புல்வெளியில் ஒருமுறை பாடக் கேட்டால் 'இனப்பெருக்கம் செய்யக்கூடும்' என்று மட்டும் குறியுங்கள். ஒரு வாரமோ அதற்கு மேலோ கழித்து அதே இடத்தில் மீண்டும் பாடினாலும், இணையாகத் திரிந்தாலும், 'பெரும்பாலும் செய்கிறது' என்று எழுதலாம். அலகில் புல்லிழையோ இரையோ சுமந்து செல்வதையும், குஞ்சின் எச்சம் அடங்கிய எச்சப்பையை வெளியே கொண்டுபோவதையும், சரியாகப் பறக்கத் தெரியாத இளங்குஞ்சுகளையும், இவற்றில் ஏதேனும் ஒன்றைக் கண்டால்தான் உறுதி.

இரை சுமக்கும் பறவையே எனக்கு மிகவும் நம்பகமான சான்று. அலகின் இருபுறமும் பூச்சிகளின் கால்கள் நீட்டிக்கொண்டிருக்க, அது சிறு மரமொன்றில் வந்தமர்ந்து, இரையை விழுங்காமல், கீழே இறங்காமல், வாலை அசைத்தபடி உங்களையே பார்த்துக்கொண்டிருந்தால், நீங்கள் கூட்டுக்கு மிக அருகில் நிற்கிறீர்கள் என்று பொருள். உடனே வந்த வழியே பின்வாங்கி, பாறையோரமாக அமர்ந்து தொலைநோக்கியில் பாருங்கள். அமைதியானதும் அது புல்லுக்குள் இறங்கி வெறும் அலகோடு வெளியே வரும்.

அத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள். புற்கொத்தின் அடியில், தரையில் மறைந்திருக்கும் அந்தக் கூட்டில் இரண்டு அல்லது மூன்று முட்டைகளே இருக்கும். நாம் மிதித்த தடம் வேட்டை விலங்குகளுக்கு வழிகாட்டிவிடும். கூட்டைப் படமெடுப்பதை நான் முற்றிலும் எதிர்க்கிறேன், அதனால் கிடைக்கும் கூடுதல் சான்று எதுவுமில்லை.

குறிப்பேட்டில் நாள், நேரம், உயரம், நடத்தை ஆகியவற்றோடு புல்லிடையே முளைத்திருக்கும் சீகைக் கன்றுகளையும் எழுதுங்கள். பறவையே தென்படாத நாட்களையும் விடாமல் பதியுங்கள். அடுத்த ஆண்டு அதே வாரங்களில் அதே திட்டுக்குச் செல்பவர் ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பதிவுகளும் வேண்டும்.