மைஎஸ்கியூஎல் ஒர்க்பெஞ்சில் ஸ்டார் ஸ்கீமா: கோடு இழுக்கும்போது கவனம்

ஸ்டார் ஸ்கீமா (நடுவில் நிகழ்வுகளைப் பதியும் ஃபேக்ட் டேபிள், சுற்றிலும் யார், எது, எப்போது என்று விவரிக்கும் டைமென்ஷன் டேபிள்கள்) என்றால் என்னவென்று தெரியும், ஆனால் வரைய உட்கார்ந்தால் கை ஓடவில்லை என்பவர்களுக்கு இது. மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸை வரைந்து உருவாக்கும் மென்பொருளான ஒர்க்பெஞ்சை நிறுவுவது எப்படி என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. பழகிப் பார்க்க சகிலா மாதிரி டேட்டாபேஸ் போதும்: இரண்டு கிளைகள் உள்ள டிவிடி வாடகைக் கடை.

படி 1: ஒர்க்பெஞ்சைத் திறக்காதீர்கள். நோட்டில் ஒரு வரி எழுதுங்கள்: "ஃபேக்ட் டேபிளின் ஒரு வரி என்பது, ஒருவர் ஒரு டிவிடியை ஒரு தடவை வாடகைக்கு எடுத்தது." இதுதான் கிரெயின். சகிலாவின் ரென்டல் டேபிளில் 16,044 வரிகள். ஃபேக்ட் டேபிளிலும் அதே எண் வரவேண்டும்.

படி 2: புது மாடலில் தேதி, வாடிக்கையாளர், படம், கடை என நான்கு டைமென்ஷன்கள். தேதி தவிர மற்ற மூன்றுக்கும் ஆட்டோ இன்கிரிமென்ட் (தானாகக் கூடும் எண்) சரகேட் கீ, அதாவது நாமே உருவாக்கும் அடையாள எண். பழைய ஐடி தனி நெடுவரிசையாக இருக்கட்டும். தேதிக்கு 20050524 மாதிரி முழு எண்ணே கீ. ஊர், நாடு எல்லாவற்றையும் வாடிக்கையாளர் டேபிளிலேயே போடுங்கள். நார்மலைசேஷன் (ஒரே தகவலைத் திரும்ப எழுதாமல் டேபிள்களைப் பிரிப்பது) பழகிய கைக்கு இது உறுத்தும். உறுத்தட்டும்.

படி 3: கோடு இழுப்பது. என்னை ஒரு வாரம் அலைக்கழித்தது இதுதான். கருவிப்பட்டையில் ஒன்றுக்குப் பல உறவுக்கு இரண்டு பட்டன்கள்: ஒன்றில் விட்டுவிட்டு வரும் கோடு, இன்னொன்றில் முழுக்கோடு. அழகாக இருக்கிறதே என்று முழுக்கோட்டை எடுத்தேன். அது ஐடென்டிஃபையிங் உறவு. இழுத்த ஒவ்வொரு ஃபாரின் கீயும் (இன்னொரு டேபிளின் வரியைக் குறிக்கும் கீ) ஃபேக்ட் டேபிளின் பிரைமரி கீக்குள் (ஒரு வரியைத் தனித்து அடையாளம் காட்டும் கீ) போய் உட்கார்ந்துகொண்டது. முகவரி மாறிய சில வாடிக்கையாளர்களுக்குப் புது வரி சேர்த்துவிட்டு, இன்சர்ட் இக்னோர் (ஏற்கெனவே உள்ள கீ வந்தால் அந்த வரியைத் தவிர்க்கும் கட்டளை) போட்டு மறுபடி டேட்டாவை ஏற்றினேன். என் ஸ்கிரிப்ட் புதிய வாடிக்கையாளர் கீயை எடுத்ததால் பிரைமரி கீயும் வேறாகிவிட்டது. ஒரே வாடகை இரண்டு தடவை ஏறியது, பிழைச் செய்தியே இல்லாமல்!

நான் இப்போது இரண்டு பட்டனையும் தொடுவதில்லை. பட்டையின் கடைசியில், ஏற்கெனவே உள்ள நெடுவரிசைகளை இணைக்கும் பட்டன் இருக்கிறது. நெடுவரிசைகளுக்கு நீங்களே பெயர் வைத்துவிட்டு, முதலில் ஃபேக்ட் டேபிளின் நெடுவரிசையையும் பிறகு டைமென்ஷன் கீயையும் சொடுக்கினால் போதும். வாடகைத் தேதி, திரும்பிய தேதி இரண்டும் ஒரே தேதி டேபிளுக்குப் போகும்போது இதன் அருமை தெரியும்.

அப்புறம், 183 வாடகைகளில் திரும்பிய தேதி காலியாக இருக்கும். தேதி டேபிளில் 0 என்ற கீயோடு "இன்னும் திரும்பவில்லை" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். ஆட்டோ இன்கிரிமென்ட் நெடுவரிசையில் இது நடக்காது. 0 கொடுத்தால் மைஎஸ்கியூஎல் அடுத்த எண்ணைப் போட்டுவிடும்.

படி 4: கன்ட்ரோல் ஜி, ஃபார்வர்ட் எஞ்சினியர்: வரைந்த மாடலிலிருந்து உண்மையான டேபிள்களை உருவாக்குவது. அதற்குமுன் ஸ்கீமா பெயரை மாற்றுங்கள், இல்லையென்றால் "மைடிபி" என்றே உருவாகும். டேட்டாவை ஏற்றியதும் வரிகளை எண்ணி, நோட்டில் எழுதிய கிரெயினுக்கு ஏற்ப 16,044 வருகிறதா என்று பாருங்கள்.

பின்சேர்க்கை: நடிகர் வாரியாக வசூல் பார்க்க, நடிகரையும் ஃபேக்ட் டேபிளில் சேர்க்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். "அகாடமி டைனோசர்" படத்துக்கு மட்டும் 10 நடிகர்கள். ஒரு வாடகை பத்து வரியாகிவிடும், கடையின் மொத்த வசூலும் வீங்கும். படத்துக்கும் நடிகருக்கும் நடுவே எந்தப் படத்தில் எந்த நடிகர் என்று மட்டும் சொல்லும் ஒரு பிரிட்ஜ் டேபிள் போடுங்கள். அப்போதும் நடிகர் வாரி தொகைகளைக் கூட்டி மொத்த வசூல் என்று காட்டாதீர்கள்.