பரீட்சைக்கு முன் 10 நிமிடம்: பயத்தை எழுதிவிடுங்கள்

சாதாரண தரப் பரீட்சை நெருங்கினால், இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த ஹட்டன், தலவாக்கலைப் பக்கப் பிள்ளைகள் பலர் சொல்வது இதுதான்: "மண்டபத்துக்குள்ள போனதும் படிச்சதெல்லாம் மறந்து போகுது." உண்மையில் மறப்பதில்லை. கணக்கை மனதில் வைத்துச் செய்யத் தேவையான இடத்தைக் கவலை பிடித்துக்கொள்கிறது.

அந்த இடத்தை மீட்க ஒரு வழி உண்டு. மண்டபத்துக்குள் போகுமுன் ஒரு பழைய கொப்பித் தாளில் 10 நிமிடம், பரீட்சையைப் பற்றி மனதில் ஓடும் பயத்தையெல்லாம் ஒளிக்காமல் எழுதுங்கள். எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம். எழுதியதைக் கிழித்துப் போடலாம். சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வில், அதிகம் பதறும் மாணவர்களுக்கே இது கூடுதலாக உதவியது. காசும் வேண்டாம், டியூஷனும் வேண்டாம் என்பதால் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை மனதாரச் சொல்கிறேன்.

வினாத்தாள் கைக்கு வந்ததும் படபடத்தால், மூச்சை இழுப்பதைவிட மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். தெரிந்த கேள்வியில் தொடங்குங்கள்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்: "பாஸாகாட்டி நீயும் கொழுந்துக்குத்தான் போகணும்" என்று அன்று காலையில் சொல்லாதீர்கள். அன்பில்தான் சொல்கிறீர்கள், ஆனால் அது பயத்தைத்தான் கூட்டும். வாரக்கணக்கில் தூக்கமோ சாப்பாடோ கெட்டால், பாடசாலை ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரிடம் பேசுங்கள்.