டெல்டாவில் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் வைத்திருக்கிறீர்களா? இ20 பெட்ரோலையும் ஆர்டிஓ ஆபீஸையும் சமாளிக்கும் வழி

பழைய வண்டியை எல்லாம் பிடித்து உடைக்கப் போகிறார்கள், ஆர்எக்ஸ் 100-ஐ இப்போதே விற்றுவிடு என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். 15 வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டி ஓடக் கூடாது என்பது டெல்லி வட்டாரத்துக்கான பேச்சு, தஞ்சாவூருக்கும் திருவாரூருக்கும் அது கிடையாது. இங்கே நல்ல வண்டியைக் கெடுப்பது இரண்டே விஷயம்: டேங்கில் மாசக்கணக்கில் நின்ற பெட்ரோல், தேதி முடிந்த ஆர்சி (பதிவுச் சான்று).

அமெரிக்காக்காரர்களின் மசில் கார் (பெரிய இன்ஜின் போட்ட வேகக் கார்) கதையும் கிட்டத்தட்ட இதேதான். 1973-இல் எண்ணெய் நெருக்கடி, 1975-இல் மைலேஜ் சட்டம், பெரிய வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜின்கள் எல்லாம் சுருங்கிப் போயின, அப்புறம் மெல்லத் திரும்பி வந்தன. 2023 கடைசியோடு டாட்ஜ் சேலஞ்சரும் செவ்ரலே கமாரோவும் நின்றுவிட்டன, ஃபோர்டு மஸ்டாங் மட்டும் வி8-ஐ விடாமல் இருக்கிறது. 2025-இல் அந்தச் சட்டத்தை மீறும் கம்பெனிக்கான அபராதத்தையே பூஜ்யமாக்கிவிட்டார்கள். ஆக அங்கே சட்டம் ஏறும், இறங்கும், வண்டியும் கூடவே போய்விட்டு வரும். நம்ம ஊர் மசில் இந்த ஆர்எக்ஸ் 100தான்: 98 சிசியில் 11 குதிரைசக்தி, எடை 100 கிலோ சுமார், 1985-இல் வந்து 1996-இல் புகை விதிகளால் நின்றது. ஆனால் பிஎஸ்6 புகை விதிக் காலத்தில் இந்த மாதிரி டூ ஸ்ட்ரோக் (பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரியும் இன்ஜின்) திரும்ப வர வழியில்லை. இருக்கிற வண்டியைக் காப்பாற்றினால்தான் உண்டு.

சரி, பெட்ரோல். இப்போது பங்கில் கிடைப்பதில் 20 சதவீதம் எத்தனால், அதுதான் இ20. கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் எடுக்கிறார்கள், எஃப்சிஐ (இந்திய உணவுக் கழகம்) கிடங்கு அரிசியும் அதற்குப் போகிறது (நாம் கொள்முதல் நிலையத்தில் ராத்திரி பகலாகக் காவல் காத்துப் போட்ட நெல் கடைசியில் நம் டேங்குக்கே வந்தாலும் வரும்). எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், கார்ப்ரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் பழைய ஜெட்டிலேயே ஓட்டினால் கலவை லீன் ஆகிவிடும், அதாவது காற்று கூடிப் பெட்ரோல் குறைந்துவிடும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் இது இழுவைக் குறைச்சலோடு போய்விடும். டூ ஸ்ட்ரோக்கில் சூடு ஏறிப் பிஸ்டன் சீஸ் ஆகிற (சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்கிற) வரைக்கும் போகும்.

அதனால் முதல் வேலை பிளக் பார்ப்பது. புது பிளக் போட்டு, விடியற்காலையில் ஆளில்லாத நேரான ரோட்டில் கொஞ்ச தூரம் முழுத் திராட்டிலில் போய், ஓடும்போதே கிளட்சைப் பிடித்துச் சாவியை அணைத்து ஓரமாக நிறுத்துங்கள். சும்மா ஐட்லிங்கில் விட்டு அணைத்தால் பிளக் பொய் சொல்லும். கழற்றிப் பார்த்தால் நுனிப் பீங்கான் கும்பகோணம் டிகிரி காபி நிறத்தில் இருக்க வேண்டும். வெள்ளையாக இருந்தால் லீன், கறுத்து ஈரமாக இருந்தால் ரிச் (பெட்ரோல் அதிகம்). வெள்ளை என்றால் மெயின் ஜெட்டை அடுத்த பெரிய அளவுக்கு மாற்றச் சொல்லுங்கள். பாதித் திராட்டிலில் திணறினால் கார்ப்ரேட்டருக்குள் இருக்கும் நீடிலின் (ஊசியின்) கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் நீடில் மேலே ஏறும், பெட்ரோல் கூடும். ஐட்லிங் மட்டும் சரியில்லை என்றால் ஏர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் உள்ளே திருப்பினால் போதும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மூன்றையும் ஒரே நாளில் திருகிவிட்டு எதனால் சரியானது என்று தெரியாமல் நிற்கிற மெக்கானிக்குகள் நிறைய.

அடுத்தது ரப்பர். பெட்ரோல் டியூப், டேங்க் டேப்பின் வாஷர், கார்ப்ரேட்டர் ஓரிங், எல்லாம் எத்தனாலில் ஊதி மெத்தென்று ஆகும், இல்லை காய்ந்து வெடிக்கும். விட்டான் ரப்பரில் கேட்டு வாங்குங்கள். டியூபை வளைத்துப் பார்த்து வெடிப்பு தெரிந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள், சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டுவது விளையாட்டு இல்லை.

நம் பக்கத்தில் பெரிய தலைவலி தண்ணீர்தான். ஐப்பசி கார்த்திகை மழையில் வண்டி வாசலில் நனையும், டேங்க் மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தால் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கும். பழைய பெட்ரோலில் தண்ணீர் தனியாக அடியில் கிடக்கும், வடித்தால் தீர்ந்தது. இ20-இல் எத்தனால் அந்தத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், ஒரு அளவுக்கு மேல் போனால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் உட்கார்ந்துவிடும். இன்ஜினுக்குத் தனியாக ஆயில் விடும் பம்பைக் கழற்றிவிட்டு டேங்கிலேயே ஆயில் கலந்து ஓட்டுகிறவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும், டேப் உறிஞ்சுவது அடியில் இருக்கிற ஆயில் இல்லாத கலவையை. கிக்கரை உதைத்து எப்படியோ ஸ்டார்ட் ஆகி, நாலு கிலோமீட்டர் தாண்டும்போது பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். சந்தேகம் வந்தால் டேங்கின் அடிப் பெட்ரோலைக் கொஞ்சம் கண்ணாடி பாட்டிலில் பிடித்து அசையாமல் வைத்துப் பாருங்கள், இரண்டு அடுக்கு தெரிந்தால் மொத்தத்தையும் கொட்டிவிட வேண்டியதுதான். என்னைக் கேட்டால் பம்பைத் திரும்பப் போடுவதே நல்லது. பம்பு வேலை செய்கிறது என்றால் பெட்ரோலில் தனியாக ஆயில் ஊற்ற வேண்டாம்.

சிங்கப்பூர், துபாய் என்று வருஷக்கணக்கில் போகிறவர்கள் டேங்கை நிரப்பி வைத்துவிட்டுப் போகும் பழக்கத்தை விடுங்கள். டேங்கையும் கார்ப்ரேட்டர் கிண்ணத்தையும் முழுதாக வடித்து, டேங்குக்குள் கொஞ்சம் டூடி ஆயில் (டூ ஸ்ட்ரோக் ஆயில்) ஊற்றி எல்லாப் பக்கமும் படும்படி ஆட்டிவிட்டு, பிளக்கைக் கழற்றி ஒரு ஸ்பூன் ஆயிலைச் சிலிண்டரில் விட்டு மெதுவாக நாலு தடவை உதைத்துப் பிளக்கை மாட்டுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றில் செயினும் டேங்க் ஓரமும் சீக்கிரம் அரிக்கும், அங்கே ஆயில் தடவி மூடி வைக்காமல் போகவே கூடாது. தை மாசம் சம்பா அறுப்பில் ரோடெல்லாம் வைக்கோல் தூசியாக இருக்கும்போது ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சை அடிக்கடி கழுவி ஆயில் போடுங்கள்.

இனி ஆவணம். 15 வருஷம் முடிந்தால் ஆர்சியை ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 2025 ஆகஸ்டிலிருந்து 20 வருஷம் தாண்டிய பைக்குக்குக் கட்டணம் 2000 ரூபாய், பசுமை வரி தனி. தேதியைத் தவற விட்டால் தாமதக் கட்டணமும் சேரும், அதனால் முடிவதற்கு இரண்டு மாசம் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். புகை சர்டிபிகேட்டுக்குப் பலர் பயப்படுகிறார்கள், 2000 மார்ச்சுக்கு முந்தைய இரு சக்கர வண்டிக்குக் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 9000 பிபிஎம் வரை விடுகிறார்கள், தாராளமான அளவுதான். சைலன்சர் உள் குழாயில் படிந்த கரியைச் சுரண்டி, புகை குறைந்த டூடி ஆயில் போட்டு, இன்ஜினை நன்றாகச் சூடாக்கிக் கொண்டுபோனால் பெரும்பாலும் தேறும். எக்ஸ்பான்ஷன் சேம்பர் (இழுவைக்காக மாட்டும் வேறு சைலன்சர்) மாட்டிய வண்டியை எஃப்சிக்கு (தகுதிச் சான்றுச் சோதனைக்கு) கொண்டுபோகாதீர்கள், பழைய சைலன்சரைப் பரணில் பத்திரமாக வையுங்கள். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

கடைசியாக, பெயிண்ட் அடிக்கக் கொடுக்கும்போது சேசிஸ் நம்பர் மேல் டேப் ஒட்டிவிட்டுக் கொடுங்கள். எஃப்சிக்கு அந்த நம்பர் மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுப்பார்கள், பெயிண்டர் உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கியிருந்தால் ஆர்சியில் உள்ள எண்ணோடு ஒத்துப் பார்க்க முடியாமல் வண்டி அங்கேயே நின்றுவிடும். வாங்கப் போகிறவர்களும் விலை பேசுவதற்கு முன் ஹேண்டில்பாருக்குக் கீழே டார்ச் அடித்து அந்த எண்ணை ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள், "லேசா தேஞ்சிருக்குண்ணே, ஒண்ணும் பிரச்சினை இல்லை" என்று விற்கிறவர் சொன்னால் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.