வேன் பிரேக்கில் ஒளிந்திருந்த வில்லன்

எங்கள் குடும்ப வேனில் பிரேக் பேட் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இருபுறமும் அழுத்தி நிறுத்தும் உராய்வுக் கட்டை) மாற்றிய சில மாதங்களிலேயே மறுபடியும் கீச்சொலி கேட்கும். ஓட்டி நிறுத்தினால் முன்பக்கத்தில் ஒரு சக்கரம் மட்டும் கொதிக்கும். பணிமனையில் ஒவ்வொரு முறையும் புதுப் பேட், புது டிஸ்க், புது ரசீது!

ஒருமுறை கழற்றிய பேட்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். உட்புறப் பேட் இரும்புத் தகடு தெரியுமளவு தேய்ந்திருந்தது. வெளிப்புறப் பேட் ஏறக்குறையப் புதிது. அங்கேதான் பிடி கிடைத்தது. பேட்களை டிஸ்க்கின் மேல் அழுத்தும் கவ்வியான காலிப்பர் நகர்வதற்கான உலோகப் பின்களின் ரப்பர் உறை கிழிந்து, நீர் புகுந்து, துரு இறுக்கியிருந்தது. பிரேக்கை விட்ட பிறகும் பேட் டிஸ்க்கை உரசியிருக்கிறது.

பின்களைச் சுத்தம் செய்து, பிரேக்குக்குரிய சிலிக்கான் கிரீஸ் தடவி, உறைகளை மாற்றினேன். சாதாரண கிரீஸ் கூடாது, ரப்பர் உப்பிவிடும். இப்போது இரண்டு பேட்களும் ஒரே சீராகத் தேய்கின்றன.